இரண்டு விரல் உள்விட்ட போர்விமானம்

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கு இம்மாகுலேற்றை நன்றாகத் தெரியும். கடை துஷ்யந்தியுடையது. பெயர்ப்பலகையில் இருப்பதும் துஷ்யந்தியின் பெயர்தான். ஆனால் கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூச்சு வாங்க ஓடிவருகிறவர்கள், கதவைத் திறக்கும்போதே "இம்மா அக்கா நிக்கிறாவோ?" என்றுதான் கேட்பார்கள். நாற்பத்தாறு வயது. மன்னார்க்காரி. புறநகர் ஓல்னே-சூ-புவாவில் வீடு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஆளை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தால் போதும், அளவு முழுக்க மனதில் ஏறிவிடும். அளவு நாடாவை எடுப்பது வாடிக்கையாளரின் மனத்திருப்திக்கு.

இதெல்லாம் தெருவுக்கே தெரிந்த கதை. தெருவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அவளுடைய வெட்டு மேசைக்குக் கீழே, பிளவுஸ் அளவுத் தாள்களுக்கு நடுவில், ஒரு போர்விமானம் ஒளிந்து கிடந்தது. ராடார் கண்ணில் படாமல் பறக்கிற சாதி. பழுப்புத் தாளில் துணிச்சோக்கால் வரைந்த படம். அதை இன்னும் சட்டென்று திருப்ப எந்த இடத்தில் வெட்டலாம், எந்த இடத்தில் மடிக்கலாம் என்று மூன்று மாதமாக அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் துஷ்யந்தி அதை யாருடையதோ முதுகு அளவு என்று நினைத்து, நல்ல மாம்பழ மஞ்சள் பட்டின் மேல் விரித்துவிட்டாள்.

"ஆற்றையடி இந்த முதுகு? இவ்வளவு அகலமாக் கிடக்கு!"

"ஐயோ வெட்டிப்போடாதேங்கோ அக்கா! அது முதுகு இல்லை, விமானத்தின்ரை செட்டை."

துஷ்யந்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

குற்றம் என்று சொன்னால் ஸ்ரீபனைத்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீபன் அவளுடைய கணவன், பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை. செப்தெம்பர் மாதத்தில் ஊருக்கு ஊர் எல்லாச் சங்கங்களும் மேசை போட்டு ஆள் பிடிக்குமே, அங்கே போய் ஜூடோ, யோகா எல்லாவற்றையும் தாண்டி, சிறுவிமானம் பறக்கவிடுகிற சங்கத்தின் மேசையில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் உடற்பயிற்சி மண்டபத்துக்குள்ளே, கூரைக்குக் கீழேயே பறக்கவிடும் நுரைத்தகட்டு விமானங்கள். முதல் மாதத்தில் மூன்று தரம் கூடைப்பந்து வளையத்தில் மோதினான். நாலாவது மாதம் வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடிக்க ஆரம்பித்தான். அவனுக்குத் துணையாகப் பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு போன இம்மாகுலேற், சும்மா கிடக்கிறதே என்று விமானத்தை ஓட்டும் ரிமோட் கருவியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் பிறகு கீழே வைக்கவில்லை.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. சங்கத்துப் பட்டியலில் ஸ்ரீபன் உறுப்பினர். அவள் பெயருக்கு நேரே 'கூட வருபவர்' என்று இருந்தது.

அந்த வருடம் சங்கங்களுக்கிடையே ஒரு போட்டி அறிவித்தார்கள். வாலில்லாத ஒளிவுப் போர்விமான வகை. சங்கத்துக்கு இரண்டு பேரை அனுப்பலாம். இரண்டு பேரும் தாங்களே வடிவமைத்த விமானத்தைத் தாங்களே பறக்கவிட வேண்டும். இம்மாகுலேற் கையைத் தூக்கினாள். தலைவர் அலெக்சிஸ், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஆனால் மதாம், நீங்கள் கூட வருபவர் அல்லவா?" என்றார் பிரெஞ்சில். கெட்ட மனிதர் இல்லை. தாளில் இருப்பதை நம்புகிறவர். தாளில் ஏறாதவர் இந்த நாட்டில் ஆளே இல்லை என்பது எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன! கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நவம்பர் கடைசி ஞாயிறு தெரிவு நடக்கும். ஆறு மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், அவற்றைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் வடிவமைப்பாளர் பட்டியலில் பெயர் ஏறும். வராவிட்டால், பற்றிஸ் எப்போதும் போல நன்றாக இருக்கிறது, நன்றி.

அந்தப் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சும்மா ஆசையில்லை, நெஞ்சை எரிக்கிற ஆசை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. பன்னிரண்டு வயதில் இடம்பெயர்ந்ததோடு கணக்கும் போனது, கொப்பியும் போனது. அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் அவள் யாரோ ஒருவரின் மனைவியாக, யாரோ ஒருவரின் வேலையாளாகத்தான் இருந்திருக்கிறாள்.

வாலில்லா விமானத்தின் சங்கடத்தை அவளுக்கு விளக்கியது ராம்பிரசாத். கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பொறியாளர், அதே சங்கத்தில் உறுப்பினர். இதே போட்டிக்கு அவனும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான்.

"சிம்பிளா சொல்றேன்க்கா. ராடார் அலை எதுல பட்டாலும் திரும்பிப் போய் சொல்லிடும். நட்டமா ஒரு வால் நின்னா மாட்டிக்கிட்டோம். அதனால வாலைத் தூக்கிடறாங்க. விளிம்பு எல்லாத்தையும் ஒரே திசைக்கு வெட்டறாங்க, இடைவெளியே தெரியாம மூடிடறாங்க. ஆனா வால் இல்லேன்னா வளைஞ்சு திரும்பறது கஷ்டம். ஒண்ணு ஒளியலாம், இல்ல வளையலாம். ரெண்டும் கேட்டா பேராசை."

"எனக்கு ரெண்டும் வேணும் தம்பி. உடம்போடை ஒட்டி நிக்கவேணும், கையைத் தூக்கினால் கிழியவும் கூடாது எண்டுதானே லா சப்பல் முழுக்க என்னட்டைக் கேக்குது. நான் தைச்சுக் குடுக்கிறன்தானே."

அவன் சிரித்துவிட்டான். அவனுடைய திட்டம் வேறு. மோட்டாரையே இடமும் வலமும் சாய வைத்துத் திருப்பப் போகிறான். கணினியில் அழகான படங்கள் போட்டு வைத்திருந்தான். இம்மாகுலேற்றிடம் இருந்தது துணிச்சோக்கு.

காலையில் ரயிலில் வரும்போது வரைவாள். இடையில் லு பூர்ஜே விமானத்தளம் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில், ஓல்னே வீட்டு ஜன்னலெல்லாம் அதிரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், இவள் திறப்பாள். கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே வரைதல். துஷ்யந்திக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"உனக்கென்ன விசரோ இம்மா? எங்கடை தலைக்கு மேலை உதுகள் வந்து செய்த வேலை மறந்துபோச்சோ? உலகத்திலை கீறுறதுக்கு வேறை சாமானே கிடைக்கேல்லை?"

இம்மாகுலேற் மெசினிலிருந்து காலை எடுத்தாள்.

"மறக்கேல்லை அக்கா. பங்கருக்குள்ளை எல்லாரும் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிச்சினம். நான் மூடேல்லை. குண்டைப் போட்டிட்டு அது பனைக்கு மேலாலை சரிஞ்சு திரும்பிச்சுது. என்ன வடிவாத் திரும்புது எண்டு நினைச்சிட்டன். அப்பிடி நினைச்சதுக்குப் பாவசங்கீர்த்தனமும் செய்தனான்."

"பாதர் என்ன சொன்னவர்?"

"மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னவர். அது போதாது எண்டு நினைச்சு நான் முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். அது அவங்கடை விமானம் அக்கா. இது என்ரை. இதிலை குண்டு வைக்க நான் இடம் விடேல்லை."

மறுநாள் வந்து பார்த்தால், வெட்டு மேசையின் ஜன்னல் பக்கத்து அரைவாசியைத் துஷ்யந்தி துடைத்து வெறுமையாக விட்டிருந்தாள். இம்மாகுலேற் பழுப்புத் தாளை எடுத்து அதன் மேல் விரித்தாள்.

மரத்தரைக்கு அடியில் விரிக்கிற மூன்று மில்லிமீற்றர் நுரைத்தகட்டில் செட்டையின் மேல்தோல் ஒன்று, கீழ்த்தோல் ஒன்று வெட்டினாள். இரண்டையும் விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டினாள். மோட்டாரும் பற்றரியும் வைத்து ஒக்தோபர் ஞாயிறு ஒன்றில் மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். கையால் எறிந்தாள். விமானம் பத்து அடி போய், மூக்கைத் தூக்கி, சட்டென்று ஒரு திருப்பம் திரும்பி, சுவரேறும் பயிற்சிக்கான ஏணியில் போய் மாட்டிக்கொண்டது. மண்டபம் சிரித்தது. ஸ்ரீபன் ஏணியில் ஏறி எடுத்துவந்தான். கொஞ்சம் சந்தோசமாகத்தான் ஏறினான் என்று அவளுக்குத் தோன்றியது.

ராம்பிரசாத் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தான். கணக்குப்படி தொண்ணூற்றாறு கிராம் இருக்க வேண்டும், நூற்றெட்டு இருந்தது. மிச்சம் பன்னிரண்டு கிராம் எங்கிருந்து வந்தது? பின்விளிம்பைப் பிளேடால் கீறினான். உள்ளே நுரைத்தகடு இரண்டு விரல் அகலத்துக்கு, செட்டையின் நீளம் முழுக்க மடிந்து கிடந்தது.

"என்னக்கா இது?"

இம்மாகுலேற் நாக்கைக் கடித்தாள். "உள்விட்டிட்டன்!"

எங்கள் பெண்கள் யாரும் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "உள்ளுக்கை ரெண்டு விரல் விட்டுத் தையுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உடம்பு போட்டால் பிரித்து விடலாம், தங்கைக்குக் கொடுக்கலாம். பிரெஞ்சுத் தையல்காரர் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓரம் அடிப்பார். லா சப்பலில் அப்படி வெட்டினால் அடுத்த நாள் கடைக்கு ஆள் வராது. இருபது வருடமாக உள்விட்டுத் தைத்த கை, விமானத்துக்கும் உள்விட்டிருக்கிறது. வருங்காலத்தில் உடம்பு போடுகிற போர்விமானம்!

ராம்பிரசாத் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். "பின்பக்கம் வெயிட் ஏறிடுச்சு, அதான் மூக்கைத் தூக்குது. வெட்டி எடுத்துடுங்க, சரியாயிடும்" என்றான்.

வாங்கில் போய் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தவள் வெட்டவில்லை. ஏணியில் மாட்டியது உண்மை. ஆனால் மாட்டுவதற்கு முதல் அது திரும்பிய திருப்பம்! இரண்டு வருடத்தில் அந்த மண்டபத்தில் எந்த விமானமும் அவ்வளவு குறுகிய இடத்தில் திரும்பி அவள் பார்த்ததில்லை.

"தம்பி, பின்பக்கம் பாரம் எண்டால் ஏன் கெதியாத் திரும்புது?"

"அது நிலையா இல்லக்கா, அதான். முன்னாடி வெயிட் இருந்தா சாதுவா போகும். பின்னாடி போகப்போக சின்னதா தொட்டாலே பாயும். நிஜ ஃபைட்டர்லயே வேணும்னு கொஞ்சம் அப்படி வைப்பாங்க. ஆனா அதை கம்ப்யூட்டர் புடிச்சுக்கும். நம்ம போட்டியில கம்ப்யூட்டருக்கு அனுமதி கிடையாது. கையால முடியாது."

கையால் முடியாது என்று அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் அளவு பார்க்கும் வேலை நடந்தது. மடிப்பை அப்படியே விட்டுவிட்டு, பற்றரியை மட்டும் ஒரு நூல் அளவு முன்னே தள்ளிப் பறக்கவிடுவாள். சாதுவாகப் போனால் அரை நூல் பின்னே இழுப்பாள். துள்ளினால் கால் நூல் முன்னே. கல்யாணப் பெண்ணுக்கு இடுப்பைப் பிடித்து, விட்டு, பிடித்துப் பார்க்கிற அதே பொறுமை. மூன்றாவது ஞாயிறு ஓர் இடம் அகப்பட்டது. விமானம் நேராகவும் போனது, விரலை அசைத்தால் பாயவும் செய்தது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

இன்னும் ஒரு குறை இருந்தது. திரும்பச் சொன்னால் உடம்பு சரிந்தது, மூக்கு வரவில்லை. வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போய், எட்டின் வளைவு பெரிதாகிவிட்டது. வால் இருந்தால் மூக்கைப் பிடித்து இழுத்திருக்கும். வாலோ வைக்க முடியாது.

அந்தக் குறை தீர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில். ஸ்தேன் புறநகரிலிருந்து வந்த சிவாஜினி என்கிற பெண் புதிதாகத் தைத்த பஞ்சாபிச் சுரிதாரைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கடைக்குள் நடந்தாள். நிற்கும்போது பக்கத்து வெட்டு இருக்கிற இடமே தெரியவில்லை, துணி ஒரே விழுதாகத் தொங்கியது. கால் எடுத்து வைத்தபோது அந்தப் பக்கத்து வெட்டு மட்டும் விரிந்தது. நின்றாள், மூடிக்கொண்டது.

"இன்னொருக்கா நடவுங்கோ," என்றாள் இம்மாகுலேற்.

"ஏன் அக்கா, பின்னாலை தூக்குதோ?"

"இல்லை, வடிவா இருக்கு. நடவுங்கோ. அங்கை போயிட்டு இஞ்சாலை வாங்கோ."

பாவம், சிவாஜினி நாலு தரம் நடந்தாள். ஐந்தாவது தரம் இம்மாகுலேற் அவளைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கத்து மேசையில் குனிந்து, செட்டை நுனியின் பின்விளிம்பில் மேலும் கீழுமாக இரண்டு இதழ்களைக் கீறிக்கொண்டிருந்தாள். நேரே பறக்கும்போது இரண்டு இதழும் ஒட்டிக் கிடக்கும், ராடாருக்கு இடைவெளி தெரியாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது நுனியின் இதழ்கள் மட்டும் மேலும் கீழுமாக விரியும். காற்று அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்தும், மூக்கு தானாக இடப்பக்கம் வரும். திரும்பி முடிந்ததும் மூடிக்கொள்ளும். ராம்பிரசாத்துக்கு அன்றே படம் அனுப்பினாள். பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதென்றும், அதை யாரிடம் கேட்டுக் கண்டுபிடித்தீர்கள் என்றும் பதில் எழுதினான். சிவாஜினியிடம் என்று அவள் எழுதிவிட்டாள். அவன் அந்தப் பெயரில் விஞ்ஞானி யாராவது இருக்கிறாரா என்று தேடியிருக்கக்கூடும்.

நவம்பர் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து நேராக மண்டபம். அலெக்சிஸ் முதலில் ஒளிவுப் பரிசோதனை செய்தார். நட்டமாக எதுவும் இருக்கக் கூடாது, மூடிய நிலையில் எந்த இடைவெளியும் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. இம்மாகுலேற்றின் இதழ்களுக்கிடையே தாள் ஒன்றை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. புருவத்தைத் தூக்கிவிட்டு அடுத்த விமானத்துக்குப் போனார்.

ஆறு பேர் போட்டியிட்டார்கள். மூன்று பேர் கம்பத்தில் மோதினார்கள். ரோமன் என்கிற பிரெஞ்சுக்காரர், சங்கத்தில் பத்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர், பதினைந்து விநாடியில் முடித்தார். ராம்பிரசாத்தின் சாயும் மோட்டார் பதின்மூன்று விநாடியில் முடித்தது. மண்டபம் கைதட்டியது, இம்மாகுலேற்றும் தட்டினாள். பதினைந்துக்குக் கீழே வராவிட்டால் அடுத்த வருடமும் கூட வருபவர்.

எறிந்தாள். முதல் கம்பத்தை நோக்கி விமானம் தாழ்வாகப் போனது. இடது இதழ் விரிந்தது, மூக்கு வந்தது, கம்பத்தை உரசாமல் ஒட்டிக்கொண்டு திரும்பியது. யாரோ வாயால் விசிலடித்தார்கள். நடுவில் குறுக்கே வரும்போது அந்தப் பழைய வியாதி தலைகாட்டியது. மூக்கு சட்டென்று மேலே தூக்கியது.

"அக்கா, த்ராட்டில்! வேகத்தை விட்டுடுங்க!" என்று ராம்பிரசாத் கத்தினான்.

அவள் விடவில்லை. பட்டுத் துணி மெசினில் இழுபட்டால் பதறி இழுக்கிறவள் துணியைக் கெடுப்பாள். கையை இலேசாக வைத்து அதன் போக்கில் கொஞ்சம் விட்டு, வழிக்குக் கொண்டுவர வேண்டும். பெருவிரலை அரிசியளவு நகர்த்தினாள். தூக்கிய மூக்கு தூக்கியபடியே இருக்க, வலது இதழை விரித்தாள். விமானம் அந்த உயரத்திலேயே பக்கவாட்டில் சரிந்து, இரண்டாவது கம்பத்தின் தலைக்குச் சற்றுக் கீழே, ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்துக்குள், முழுத் திருப்பமும் திரும்பி வந்தது. கோட்டைத் தாண்டியது. அவள் அதைத் தரையில் இறக்கவில்லை. நேரே தன் கைக்கு வரவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

பத்து தசம் எட்டு விநாடி.

அலெக்சிஸ் மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, மதாமுக்குச் சிரமமில்லை என்றால் இன்னொரு தரம் செய்ய முடியுமா, தான் பொத்தானைப் பிந்தி அழுத்தியிருக்கலாம் என்றார்.

"எத்தினை தரம் வேணும்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள் இம்மாகுலேற். பதிலுக்குக் காத்திருக்காமல் எறிந்தாள். பத்து தசம் நாலு விநாடி. இந்தத் தரம் விமானம் கைக்கு வருவதற்குள் மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்க அவள் முயலவுமில்லை.

ராம்பிரசாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். தோற்றவன் முகமே இல்லை. பையிலிருந்து அளவுகோலை எடுத்துக்கொண்டு, "அக்கா, அந்த ரெண்டு விரல்னு சொன்னீங்களே, அது எத்தனை மில்லிமீட்டர்?" என்றான்.

அவள் வலது கையின் இரண்டு விரலையும் சேர்த்து நீட்டினாள். "அளந்து எழுதும் தம்பி." அவன் உண்மையாகவே அளந்து எழுதினான். முப்பத்தொன்று.

அலெக்சிஸ் பட்டியலை மேசையில் வைத்து, கூட வருபவர் என்பதன் குறுக்கே அளவுகோல் வைத்து நேராகக் கோடிழுத்தார். வடிவமைப்பாளர்கள் என்பதன் கீழே முதல் வரியில் அவளுடைய முழுப் பெயரையும், எழுத்து எழுத்தாகக் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதினார். இரண்டாவது வரியில் ராம்பிரசாத். இம்மாகுலேற் குனிந்து அந்த முதல் வரியை ஒருதரம் வாசித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

படிவத்தின் அடியில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தது. போட்டி நாளில் சாமான் தூக்க, கம்பம் நட, கோப்பி ஊற்ற ஒவ்வொரு வடிவமைப்பாளருக்கும் ஓர் ஆள் வேண்டுமாம். யாரை எழுதுவது என்று அலெக்சிஸ் தலையைத் தூக்கினார்.

வாங்கிலிருந்து ஸ்ரீபன் எழுந்து வந்தான். இரண்டு வருடமாக அந்த மண்டபத்தில் அவன் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"என்னை எழுதுங்கள், முசியே. நான் மதாமின் கூட வருபவர்."

இம்மாகுலேற் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. அலெக்சிஸ் அதற்குள் பெயரை எழுதிவிட்டார், ஸ்ரீபன் விமானப் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"இஞ்சருங்கோ, பெட்டியைச் சரிக்காதேங்கோ," என்றாள் அவள். "நேராப் பிடியுங்கோ. செட்டை முறிஞ்சுபோம்."

அவன் இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தான்.